மாடிப்படிக்குக் காவல் யார்?

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்திற்குப் பருவங்கள் பத்து. அவற்றுள் முதலாவது காப்பு. குழந்தையைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டிக்கொள்வது அது. குழந்தை தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வருகைப் பருவமோ ஆறாவதாகவே அமைகின்றது. நடைக்கு முன்னே காப்பு என்பது நம் புலவர்கள் வகுத்த வரிசை. ஆனால், இன்றைய இல்லங்கள் பலவற்றில் இவ்வரிசை தலைகீழாக இருக்கக் காண்கின்றோம். குழந்தை மாடிப்படியில் ஒருமுறை உருண்ட பின்னரே படிக்குத் தடுப்புத் தேடிக் கடைக்கு ஓடுவோர் பலர். வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அறிந்ததை வீட்டில் செய்துவைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பள்ளி மலரில் மாடிப்படியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. தவழும் தம்பியையும் நடை பழகும் தங்கையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பல வீடுகளில், நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியின் தலையிலேயே விழுகின்றது. ஆகவே மாடிப்படிக்குக் காவல் யார் என்னும் வினா பள்ளியையும் சார்ந்ததே ஆகும்.

முன்னாளில் தோட்டப்புறத்தில் நம் மக்கள் வாழ்ந்த லயத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தரையை ஒட்டிய வீடுகள். வாசலில் இரண்டு மூன்று படிகள். அதற்கு அப்பால் மண் தரை. விடியற்காலையில் தாயும் தந்தையும் பால்மரக் காட்டுக்குப் புறப்பட்டால், கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குச் சென்றுவிடும். அங்கே தொட்டிலும் உண்டு, ஆயாவும் உண்டு. மாலையில் லயத்தின் நீண்ட முற்றத்தில் பத்து வீட்டுக் கண்கள் ஒரு பிள்ளையைப் பார்த்திருந்தன. குறைகள் மலிந்த வாழ்க்கைதான் அது. எனினும் பிள்ளையைப் பார்க்க ஆள் இருந்தது. தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் பிள்ளைக் காப்பகத்தைத் தன் வரையறைக்குள் கொண்டு வந்தது. பிள்ளையைக் காப்பது பெற்றவளின் தனிச்சுமை மட்டுமன்று என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

இன்று நிலைமை வேறு. செபராங் பிறையில் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஒரு காலத்தில் தோட்டமாக விளங்கிய பத்து காவானில் இன்று தொழிற்சாலைகளும் புதுநகரும் எழுந்துள்ளன. 2014-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலம் அங்குதான் கரையேறுகின்றது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல இன்று இரண்டு மாடி வரிசை வீடுகளில் வாழ்கின்றன. தீவுப் பகுதியிலோ, பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட் வட்டாரத்துக் கடைவீடுகளில், கீழே வணிகமும் மேலே குடித்தனமுமாக வாழும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இவ்விரு வகை வீடுகளிலும் நடுவே நிற்பது மாடிப்படி. முற்றத்துக் கண்கள் பத்தும் இங்கு இல்லை. ஆயாக் கொட்டகையும் இல்லை. வீடு உயர்ந்தது, பார்ப்பார் குறைந்தனர்.

ஒரு படியின் உயரத்தைக் கருதுவோம். நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டுச் சீரான கட்டட உபவிதிகள், படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும், கால் வைக்கும் பலகையின் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்றும் வகுத்தன. வளர்ந்தவர்க்கு இது வசதியான அளவு. ஒரு வயதுக் குழந்தைக்கோ அந்த ஒரே படி ஏறத்தாழ முழங்கால் அளவுக்கு நிற்கின்றது. நம்மை அப்படி ஒரு படிக்கட்டில் நிறுத்தினால் நாமும் தடுமாறுவோம். மேலும், அவ்விதிகளுக்குப் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே எழுந்த கடைவீடுகளின் மரப்படிகள் குறுகலானவை. ஏணியைப் போல் செங்குத்தானவை. பல தலைமுறைகளின் பாதம் பட்டு வழுவழுப்பானவை.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் நிறுவனமும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 47,000 பிள்ளைகள் விழுந்து உயிரிழப்பதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவில் 1999 முதல் 2008 வரையிலான பத்தாண்டுகளில், மாடிப்படியால் காயமுற்று மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 9,30,000-க்கும் மேற்பட்டோர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 'நாங்கள் எல்லாம் தடுப்பு வைத்தா வளர்ந்தோம்?' என்று கேட்கும் பெரியவர்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது இதுதான்: ஐயா, அம்மா, நீங்கள் வளர்ந்த வீட்டில் இந்தப் படி இல்லை. இந்தப் படி உள்ள வீட்டில் உங்களைப் பார்த்திருந்த அத்தனை கண்களும் இல்லை.

அப்படியானால் காவல் யார்? 'அக்கா பார்த்துக்கொள்வாள்' என்னும் விடையே பல வீடுகளில் கிடைக்கின்றது. இந்த விடையை நாம் ஏற்பதற்கில்லை. பத்து வயது மாணவி தம்பியை அன்போடு தூக்கி வைத்துக்கொள்ளலாம், விளையாட்டுக் காட்டலாம். ஆனால் படியின் தலைப்பில் காவல் நிற்பது அவளுடைய தொழில் அன்று. கணக்கு எழுதிக்கொண்டே ஒரு கண்ணால் படியைப் பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கும் வராது, படியும் தப்பிவிடும். தப்பிய அன்று, 'உன்னால்தான்' என்னும் சொல் அவள் மீது விழும். அந்தச் சொல் காயம் ஆறிய பின்னும் ஆறாது. தோட்ட நாள்களில் தம்பி தங்கையரைப் பார்ப்பதற்காகவே பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைகள் உண்டு. அந்த வழக்கத்தின் எச்சம் மாடி வீட்டிலும் தொடரலாகாது. தக்க மேற்பார்வைக்கு ஏற்பாடு செய்யாமல் பிள்ளையை விட்டுச் செல்வதை நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் குற்றமாகவே கருதுகின்றது. பொறுப்பு பெரியவர்களுடையது. அப்பொறுப்பில் ஒரு பகுதியை, சோர்வும் மறதியும் இல்லாத ஒரு பொருளிடம் ஒப்படைக்கலாம். அதுவே படித் தடுப்புக் கதவு. கடைகளில் 'பேபி கேட்' என்று கேட்டால் தருவர்.

படிக்குக் கதவு என்பது நமக்குப் புதியதும் அன்று. மலாக்கா, பினாங்கு ஆகிய ஊர்களின் பழைய வீடுகள் சிலவற்றில், படியேறி முடியும் இடத்தில், கிடையாக மூடும் கனத்த பலகைக் கதவு உண்டு. இரவில் கள்வர் மேலேறாதிருக்க அதனை மூடினர். பொன்னைக் காக்கப் படியை மூடிய ஊரில், பிள்ளையைக் காக்கப் படியை மூடலாகாதா?

கடையில் கண்டதை வாங்கிவிடுவதால் மட்டும் பயன் இல்லை. தடுப்புக் கதவுகள் இரு வகையின. ஒன்று, சுவரில் துளையிட்டுத் திருகாணியால் இறுக்கப்படுவது. மற்றொன்று, இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே அழுத்தத்தால் மட்டும் நிற்பது. இரண்டாவது வகை மாட்டுவதற்கு எளிது; சுவர் கெடாது; ஆதலால் பலரும் அதனையே விரும்புவர். ஆனால் குழந்தை தன் முழு எடையையும் சாய்த்து உலுக்கினால் அது நழுவக்கூடும். கீழ்த்தளத்தில் நழுவினால் குழந்தை தரையில் விழும். மேல்தளத்தில் நழுவினால் கதவோடு சேர்ந்து படி முழுவதும் உருளும். ஆகவே படியின் தலைப்பில் திருகாணியால் இறுக்கிய கதவே வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடம் இல்லை. மேலும், அழுத்தத்தால் நிற்கும் கதவுகள் பலவற்றின் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் உண்டு. படியின் தலைப்பில் அது பெரியவர்களின் காலையே தட்டிவிடும்.

கதவு திறக்கும் திசையையும் நோக்க வேண்டும். மேல்தளக் கதவு தளத்தின் பக்கமாகவே திறக்க வேண்டும். படியின் மேலாகத் திறக்கக் கூடாது. படிப் பக்கம் திறக்கும் கதவைப் பிடித்துத் தொங்கும் குழந்தை, வெற்றுவெளியில் தொங்கும்.

கதவின் உயரம் குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருத்தல் நலம். கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டும். கிடைமட்டக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும். கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மிகலாகாது. இதனை அளக்க எளிய வழி உண்டு: குளிர்பான டின் ஒன்று கம்பிகளின் இடையே நுழைந்தால் அந்த இடைவெளி ஆகாது. கதவின் அடிக்கும் தரைக்கும் இடையே இரண்டு அங்குலத்துக்குக் குறைவாகவே இடம் விட வேண்டும். ஐரோப்பியத் தரக்குறியான ஈ.என். 1930 என்பது பெட்டியின் மீது அச்சிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் நன்று. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான தடுப்புகளைச் சோதிக்கும் தரம் அது. உற்றார் கொடுக்கும் பழைய கதவை வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். விசிறி மடிப்பாக விரியும் பழைய மரத் தடுப்புகளின் வைர வடிவ இடைவெளிகளிலும், மேல் விளிம்பின் கூரிய பிளவுகளிலும் குழந்தையின் தலையும் கழுத்தும் சிக்கியதனால், அவ்வகைத் தடுப்புகளின் உற்பத்தி 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. கதவு குழந்தைக்குக் கடினமாகவும் பெரியவர்க்கு எளிதாகவும் இருக்க வேண்டும். இடுப்பில் குழந்தை, தோளில் துணிப்பை என நிற்கும் தாய் ஒரு கையால் அதனைத் திறக்க முடிய வேண்டும். தோட்டத்திலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் பாட்டியின் காய்த்துப்போன விரல்களுக்கும் அந்தத் தாழ்ப்பாள் இணங்க வேண்டும். இணங்காத கதவு இரண்டே நாளில் திறந்தபடி நிற்கும். அல்லது அதனைத் தாண்டிச் செல்லத் தொடங்குவர். முன்னர்க் கூறிய அமெரிக்க ஆய்வில், மாடிப்படியில் காயமுற்ற ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் பெரியவர்களின் கையில் இருந்தவர்கள். குழந்தையோடு கதவைத் தாண்டிக் கால் வைப்பது, தடுப்பே இல்லாமல் இருப்பதினும் கொடிது. எனவே கதவை வாங்கும்போது தாயும் பாட்டியும் கடைக்குச் சென்று, ஒரு கையால் திறந்து மூடிப் பார்த்தே வாங்குதல் வேண்டும். தந்தை மட்டும் விலை பார்த்து வாங்கும் பொருள் அன்று இது.

மேலும் கீழுமாக இரு கதவுகள் வைப்பதே முறை. ஒன்றுக்கே பணம் உள்ளதாயின், குழந்தை விழித்திருக்கும் பொழுதை எத்தளத்தில் கழிக்கின்றதோ அத்தளத்துக்கே முதலிடம் கொடுங்கள். கடைவீட்டின் மேல்தளத்தில் குடியிருப்போர்க்கு அது படியின் தலைப்பு. வரிசை வீட்டில் பகலெல்லாம் கீழ்க்கூடத்தில் இருப்போர்க்கு அது படியின் அடி. ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கத் தெரியாது என்பதை மறவாதீர்கள். அத்தகைய வீட்டில், மேலே உறங்கும் வேளையில் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். அடுத்த சம்பளத்தில் இரண்டாவது கதவை வாங்கிவிடுங்கள். கடையில் கிடைப்பவை உங்கள் படியின் அகலத்துக்குப் பொருந்தாவிடில், தச்சரிடமோ, இரும்புக் கிரில் செய்யும் பட்டறையிலோ மேற்கூறிய அளவுகளைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். ஆனால் பூட்டும் சாவியும் வேண்டா. தீப்பிடித்தால் அந்தப் படியே வெளியேறும் வழி. மரத்தளமும் மரப்படியும் கொண்ட பழைய கடைவீட்டில் பூட்டிய படிக்கதவு பெரும் ஆபத்து.

வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு ஒரு தடை உண்டு. 'சுவரில் துளையிடாதே' என்பர் வீட்டுக்காரர். ஜோர்ஜ் டவுன் 2008-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பின்னர், பழைய வீடுகளின் மரவேலைப்பாடுகளைக் கெடுக்கலாகாது என்னும் எண்ணமும் வலுப்பெற்றுள்ளது. அது நல்ல எண்ணமே. அத்தகைய இடத்தில், கைப்பிடித் தூணோடு கனத்த பலகை ஒன்றை வார்ப்பட்டைகளால் இறுகக் கட்டி, அப்பலகையில் திருகாணியை இறக்கலாம். தூணுக்குத் தீங்கு நேராது. ஆயினும் வீட்டுச் சொந்தக்காரர்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். நான்கு திருகாணித் துளைகளைச் சிறிது சாந்து பூசி அடைத்துவிடலாம். அதற்கு இசைவு கொடுப்பதில் உங்களுக்கு நட்டம் என்ன? நியூயார்க் நகரில் மாடிச் சன்னல்களிலிருந்து பிள்ளைகள் விழுவதைத் தடுக்க 1972-ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தொடங்கிற்று. சன்னல் தடுப்புகள் இலவசமாக வழங்கப்பட்டன. 1973-க்கும் 1975-க்கும் இடையில் பிராங்க்ஸ் வட்டாரத்தில் இத்தகைய விபத்துகள் பாதியாகக் குறைந்தன. 1976-ஆம் ஆண்டில், சிறு பிள்ளைகள் வாழும் வாடகை வீடுகளுக்குச் சன்னல் தடுப்பு அமைத்துத் தருவது வீட்டுக்காரரின் கடமை என அந்நகரம் விதித்தது. அவர்கள் சன்னலுக்குச் செய்ததை நாம் படிக்குச் செய்யலாகாது என்பதில்லை. சட்டம் வரும்வரை காத்திராமல், வீட்டுக்காரர்கள் தாமே இசைந்து பெருந்தன்மை காட்டுவாராக.

கதவு மாட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை, தடுப்புக் கதவுகள் தொடர்பான காயங்களுக்காக அவசரப் பிரிவுக்கு வந்த ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 37,000-க்கும் மேற்பட்டோர் என மற்றோர் ஆய்வு கண்டது. இரண்டு வயது நிரம்பாதவர்கள் பெரும்பாலும், கதவு சரிந்ததாலோ திறந்து விடப்பட்டதாலோ படியில் விழுந்தவர்கள். ஆகவே திருகாணிகளை மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கதவருகே முக்காலியோ பொம்மைப் பெட்டியோ வைக்காதீர்கள். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் உற்றார் வந்து வீடு நிறையும் நாள்களில், வருவோர் போவோர் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் செல்வர். அந்நாள்களில் பெரியவர் ஒருவர் படிக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். சக்கரம் பூட்டிய வட்ட நடைவண்டியை மாடி வீட்டில் பயன்படுத்தவே வேண்டா. இமைப்பொழுதில் அது படியை அடைந்துவிடும். கனடா நாடு 2004-ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடைசெய்தது.

குழந்தை கதவின் மீது ஏறவோ, தாழ்ப்பாளைத் திறக்கவோ கற்றுக்கொண்டால் கதவின் காலம் முடிந்தது. பெரும்பாலும் இரண்டு வயதளவில் இது நேரும். அதற்குள் குழந்தைக்குப் படியிறங்கப் பழக்கிவிட வேண்டும். பெரியவர் ஒருவர் கீழ்ப்படியில் நின்றுகொண்டு, குழந்தையைக் குப்புறத் திருப்பி, கால் முதலில் வருமாறு ஒவ்வொரு படியாக இறங்கச் செய்யலாம். கதவு காலத்தை வாங்கித் தருகின்றது; அக்காலத்தில் கற்பிப்பது நம் வேலை.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். தம்பி தங்கையர்க்குக் காவலாக உங்களை நிறுத்தலாகாது என்று உங்கள் பெற்றோரிடம் நாம் பேசியுள்ளோம். ஆனால் வீட்டில் உள்ள எவரும் படிக்கதவை மூடாமல் செல்லலாகாது என்னும் விதி உங்களுக்கும் உரியதே. ஓடிப் பந்தெடுக்கச் செல்லும்போதும், புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படும்போதும், தாழ்ப்பாள் விழும் ஓசையைக் கேட்ட பின்னரே அடுத்த படியில் கால் வையுங்கள்.

பெற்றோர் பெருமக்களே! தோட்டத்தில் உழைக்கும் தோழர்களே! உங்கள் பேரப்பிள்ளைகள் நகரத்து மாடி வீட்டில் வளர்வார்களாயின், அடுத்த முறை அங்கே செல்லும்போது பழமும் பலகாரமும் வாங்கிச் செல்வதோடு, படியின் தலைப்பில் என்ன இருக்கின்றது என்றும் பாருங்கள். ஒன்றும் இல்லையேல் மகனையோ மருமகளையோ கடிந்துகொள்ள வேண்டா. அனைவருமாகப் பணம் சேர்த்து ஒரு கதவு வாங்குங்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்குக் காப்பும் கொலுசும் கொண்டுபோய்ப் பூட்டுவது நம் மரபு. அம்மரபில் படிக்கு ஒரு கதவையும் சேர்த்துக்கொள்வோம். குழந்தை நடந்து வருவதற்கு முன்னரே அக்காப்பு அமையட்டும். வீட்டில் மூத்த பிள்ளை கவலையின்றிப் பாடம் படிக்கட்டும்.